முதல்ல நீங்க சொல்லுங்கம்மா

சரண்யா ஓசூரில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கிறாள், நான் போலீசிலிருந்து ஓய்வு பெற்றவள். டியூட்டி முடிந்து என் வீட்டுப் பக்கம் வந்தால் நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். போன மாதம் வந்தவள் மட்டும் ஹாலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்த பழைய இங்கிலீஷ் நாவல்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன.

"என்னாங்கம்மா இது? எல்லாம் கொலைக் கதையா இருக்குது. யாரு படிக்கிறாங்க?"

"ஏன், நான் படிச்சா அச்சு அழிஞ்சிடுமா?" என்றேன்.

எல்லாம் ஒரே தொடர். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஸ்டேஷனில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருத்தர் பெரியவர், முன்கோபி, வாயை மூடவே மாட்டார். இன்னொருத்தர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், எதையும் மெதுவாக யோசிப்பவர், பேச மாட்டார். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. டீயில் சர்க்கரை போடுவதிலிருந்து சண்டை. ஆனால் புத்தகம் முடியும்போது கொலைகாரன் மாட்டியிருப்பான்.

"உங்களுக்கு இப்படி ஒரு ஜோடி இருந்தாங்களா?" என்று கேட்டாள் சரண்யா. இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "இதை எழுதி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். வீட்டில் ஐந்து பெண்கள். போலீசில் பெண்களை எடுக்கத் தொடங்கியிருந்த காலம். பங்குச் சாமியார் கொடுத்த நற்சான்றிதழோடு போய் நின்றேன், உயரமும் ஓட்டமும் இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் நின்றோம், ஓடினோம், அழுதோம், மறுபடி ஓடினோம். பெயர் பிலோமினா. பயிற்சியில் வைத்த பெயர் 'லவுட் ஸ்பீக்கர்'.

எண்பதுகளில் ஓசூருக்கு ஹெட் கான்ஸ்டபிளாக வந்தேன். வீதிக்கு வீதி புதிது புதிதாக ஃபேக்டரி வந்துகொண்டிருந்த நேரம். மதுரைக்காரன், சேலத்துக்காரன், உள்ளூர்த் தெலுங்குக்காரர்கள், கன்னடக்காரர்கள் எல்லாரும் ஒரே லைன் வீட்டில் குடியிருப்பார்கள். ஒரே குழாயடியில் மூன்று பாஷையில் சண்டை நடக்கும். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் தெலுங்கு நன்றாக வரும், கன்னடத்தில் திட்ட மட்டும் வரும். ஆனால் ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்த வேலை என்ன? பெண் கைதிக்குக் காவல், தேர்த் திருவிழா பந்தோபஸ்து, அழுகிற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுப்பது. "நீ என்ன பாத்தே?" என்று ஒரு அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமலே சொன்னால், "உன்னைக் கேட்டாங்களா?" என்பார்கள். மூக்கு உடைந்து திரும்புவேன்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் சிவசைலம் மாற்றலாகி வந்தார். திருநெல்வேலிக்காரர். ஒல்லி உடம்பு, வயிற்றுப் புண், காலையும் மாலையும் வெந்நீர், மத்தியானம் மோர் சாதம். மிளகாய் என்றால் எட்டி நின்று பார்ப்பார். குரல் எழும்பவே எழும்பாது. பிக்பாக்கெட்டைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். முதல் நாள் அவர் ஒரு சைக்கிள் திருடனுக்கு நாற்காலி போட்டதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சார், இவனுக்கு அடுத்தது டிபன் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வாங்கியாங்கம்மா, அவருக்கும் பசிக்கும்லா" என்றார். இட்லியைத் தின்றவன் சைக்கிள் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டான். நான் பேய் முழி முழித்தேன்.

பெங்களூருக்கு கோர்ட் வேலையாகப் போனால் நடைபாதைக் கடையில் அந்த இங்கிலீஷ் நாவல்களை வாங்கி வருவார். ஜீப்பில் போகும்போது, அந்த இருவரில் யார் மேலதிகாரி என்பதை மட்டும் சொல்லாமல், கதையைத் தமிழில் சொல்லுவார். நான் குறுக்கே குறுக்கே கேட்பேன். "அந்த ஊர்ல கூட்டம் கூடாதா சார்? வட்டச் செயலாளர் போன் பண்ண மாட்டாரா?" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

"அந்த ரெண்டு பேருல நான் யாரு சார், நீங்க யாரு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"படிச்சா தெரியும்மா" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககூட ஜீப்புல வரப் போறேன்!"

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் துறையில் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. சம்பவ இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எல்லாரும் நிற்க வேண்டும். யாரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பிறகு இருப்பவர்களில் சின்னப் பதவிக்காரர் முதலில் பேச வேண்டும், அவர் கடைசியில் பேசுவார். பெரிய அதிகாரி வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் கண்ணால் பார்த்ததுகூட மாறிவிடும் என்பார். ஸ்டேஷன் பதிவேடு எழுதும் எங்கள் ரைட்டருக்கு அது பிடிக்கவே இல்லை. "பொம்பளை ஏட்டு பேசி முடிக்கிற வரைக்கும் இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிகினு நிக்கிறாரு, இன்னா காலம்டா" என்று முணுமுணுப்பார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த நாவலைத் தட்டிக் காட்டுவார். "நான் சொல்லல ரைட்டர். இங்கிலாந்து போலீஸ் முறை. புஸ்தகத்துல இருக்கு." இங்கிலாந்து என்றதும் ரைட்டர் அடங்கிவிடுவார்.

அந்த வழக்கம் ஒரு மனிதனைக் கொலைப் பழியிலிருந்து எப்படிக் காப்பாற்றியது என்பதைச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே ஏரியில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. வயது இருபதுக்குப் பக்கம். பல நாள் தண்ணீரில் கிடந்ததால் முகம் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு லைன் வீட்டு ஜனங்கள் கூட்டமாக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். அங்கே குடியிருந்த நாகராஜின் புதுப் பெண்டாட்டி ரத்னம்மாவைப் பத்து நாளாகக் காணோம், அதற்கு முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்தது, இவன்தான் கொன்று ஏரியில் போட்டான் என்று ஒரே கூச்சல்.

நாகராஜ் ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவன். தெலுங்குக்காரன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்பார்களே, அந்த மாதிரி முகம். உடலைக் காட்டினோம். "இது எங்க ரத்னா இல்ல சார்" என்றான். பிறகு எங்கேடா அவள் என்று நான்தான் கத்தினேன். "ஆடிக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்குது மேடம். அவங்க அப்பா வந்து கூட்டிப் போனாரு."

"ஆடியா? ஆனி மாசமே இன்னும் முடியலைடா! யாரு காதுல பூ சுத்துறே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேருக்கும் அவன் பொய் சொல்கிறான் என்று முடிவாகிவிட்டது. ரத்னம்மாவின் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். அங்கே உள்ள ஸ்டேஷனுக்கு வயர்லெஸ் போனது. சாயந்திரம் பதில் வந்தது: போலீஸ்காரர் நேரில் போய் விசாரித்தார், பெண் அங்கே இல்லை, மாமியார் வீட்டில் இருப்பதாகப் பெற்றோரே சொல்கிறார்கள்.

அவ்வளவுதான். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. டி.எஸ்.பி. போனில் வந்தார். நாளை மத்தியானத்துக்குள் கொலை வழக்குப் போட்டு ரிமாண்டுக்கு அனுப்பு, வெளியே கூட்டம் கல்லெடுக்கும் முன் வேலையை முடி என்றார். இன்ஸ்பெக்டர் "சரி சார், மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு நாகராஜின் லைன் வீட்டுக்குப் போனார். ஒரே அறை, ஒரு மூலையில் சமையல். பார்த்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். "முதல்ல நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"சார், சமையல் மூலையில மாவடு ஒரு சாடி, ஆவக்கா ஒரு சாடி. வெள்ளைத் துணி கட்டி, துணிக்கு மேல கயிறு. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடின்னு டப்பா டப்பாவா இருக்குது. புதுப் பொண்ணு ரெண்டு பேருக்கு இவ்ளோ செய்ய மாட்டா. தனியா இருக்கிற ஆம்பிளை ஒரு மாசம் தின்ற கணக்குக்கு செஞ்சிருக்கா. போகப் போறேன்னு தெரிஞ்சு செஞ்சிருக்கா சார்." சொல்லும்போதே அவன் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. "ஆனா ஆடின்னு ஏன் பொய் சொல்றான்? அதுதான் எனக்குப் புரியல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் பாத்தது ஒண்ணுதாம்மா. சீப்பு, குங்குமச் சிமிழ், கண் மை ஒண்ணும் இல்ல. கொன்னவன் புடவையை மறைப்பான். சீப்பை மறைக்கணும்னு ஆம்பிளைக்குத் தோணாது."

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் நாகராஜை வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தார். வெந்நீர் கொடுத்தார். பிறகு கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோலக் கேட்டார்: "எங்க ஊர்ல ஆடிக்குத்தான் பொண்ணை அழைச்சுட்டுப் போவாங்க தம்பி. உங்க வீட்டுல எப்படி? எப்போ அழைப்பாங்க?"

"எங்களுக்கு ஆஷாடம் சார். அமாவாசை கழிஞ்ச மறுநாளே பொறந்துடும். உங்க ஆடி அதுக்கு அப்புறம்தான் வரும். தமிழ்ல கேட்டாங்களேன்னு ஆடின்னு சொன்னேன்." இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. "ஆஷாடத்துல புருசன் பொண்டாட்டி ஒரே வாசப்படிக்குள்ள இருக்கக் கூடாது, முகம் பாக்கக் கூடாது. அதனாலதான் நான் போய்ப் பாக்கல சார். சண்டையும் அதுக்குத்தான். என்னை விட்டுட்டுப் போகாதேன்னு நான் சொன்னேன். போய்த்தான் ஆகணும்னு அது சொல்லிச்சு."

இந்த ஊரில் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் உகாதியும் சித்திரை வருஷப் பிறப்பும் வேறு வேறு நாளில் வருவதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள்தான். ஆடி விஷயத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

ஆனால் அந்த வயர்லெஸ் பதில்? பெண் இல்லை என்று பெற்றவர்களே சொன்னார்களே? இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். முதலில் நான்தானே பேச வேண்டும். பேசினேன்.

"சார், புதுசாக் கட்டிக் கொடுத்த பொண்ணைத் தேடிக் காக்கிச் சட்டை போட்டவன் வூட்டு வாசல்ல வந்து நின்னா, எந்த அப்பன் சார் உள்ள இருக்கான்னு சொல்லுவான்? எங்கப்பனா இருந்தா என்னை அரிசிக் குதிர்ல ஒளிச்சு வெச்சிருப்பாரு."

"அதேதாம்மா நானும் நினைச்சேன்" என்று எழுந்தார். "புடவை கட்டிட்டு வாங்க."

அந்த ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இருவரும் சாதாரண உடுப்பில் பஸ் ஏறினோம். இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. "நான் இங்கன இருக்கேன். ஆம்பிளை நிழலே அந்த வாசல்ல விழக் கூடாது" என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்து நாவலைப் பிரித்துவிட்டார். அவருக்கு மேலே டி.எஸ்.பி., வாசலில் கூட்டம், மத்தியானத்துக்குக் கோர்ட். முழுப் பொறுப்பையும் என் கையில் கொடுத்துவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வீட்டு வாசலில் ரத்னம்மாவின் அம்மா நின்றாள். தெலுங்கில் பேசினேன். நான் பேசி முடிப்பதற்குள்ளேயே "என் மகள் இங்கே இல்லை, மாமியார் வீட்டில் இருக்கிறாள்" என்றாள். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து வருகிறேன், கெடுதல் ஒன்றுமில்லை என்றேன். அவள் கதவைச் சாத்தப் போனாள். அப்போதுதான் என் லவுட் ஸ்பீக்கர் திறந்தது.

"இல்லைன்னே சொல்லிகினு இரும்மா! உன் பொண்ணைக் கொன்னுட்டான்னு உன் மாப்பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்க! இன்னிக்கு மத்தியானம்! அப்புறம் உன் பொண்ணு யார் வூட்டுக்குப் போய் வாழ்வா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளே ஏதோ உருண்டது. தலையில் பாதி எண்ணெயும் கையில் மீதி எண்ணெயுமாக ஒரு பெண் ஓடி வந்தாள். "நேனு பதிகே உன்னா! நேனு பதிகே உன்னா!" என்று கதறினாள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த எண்ணெய்க் கையோடேயே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏசுவே, ஸ்தோத்திரம் என்று என் வாய் தன்னால் சொன்னது.

அத்தோடு முடியவில்லை. ஆளை நேரில் காட்டாமல் டி.எஸ்.பி. நம்ப மாட்டார். அந்த அம்மாவோ, ஆஷாடத்தில் மகள் கணவன் இருக்கிற வாசற்படியை மிதித்தால் அவன் உயிருக்கே ஆபத்து என்று அடம் பிடித்தாள். டீக்கடையிலிருந்து இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "போலீஸ் ஸ்டேஷன் மாமியார் வீடு இல்லம்மா" என்றார், ரொம்பப் பணிவாக. ஊரெல்லாம் ஜெயிலுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். பிறகு அவர், "படியே ஏற வேண்டாம். ஸ்டேஷன் முத்தத்துல மரத்தடியில நிக்கட்டும். மாப்பிள்ளை உள்ள இருப்பாரு. முகம் தெரியாது. குரல் கேட்டா தோஷம் உண்டா?" என்று கேட்டார். அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, குரலுக்குத் தோஷம் இல்லை என்றாள்.

அப்படித்தான் நடந்தது. டி.எஸ்.பி. வந்திருந்தார். கல்லெடுக்க வந்த லைன் வீட்டு ஜனங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் வாய் பிளந்து நின்றார்கள். புங்க மரத்தடியில் அப்பா அம்மாவுக்கு நடுவே ரத்னம்மா நின்றாள். லாக்கப் உள்ளே இருந்தது, அவனுக்கு அவள் தெரிய வழியில்லை. இன்ஸ்பெக்டர் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "பேசும்மா" என்றார். பாவம், அந்தப் பெண் புடவை நுனியைத் திருகினாள். பிறகு உரக்கக் கூப்பிட்டு, "ஊறுகாயைத் தெனமும் கிளறி விட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து "ரெண்டு நாளா இங்கதான் இருக்கேன் ரத்னா, எப்படிக் கிளறுவேன்?" என்று நாகராஜ் சொன்னது பாதிதான் கேட்டது, மீதி அழுகையாகிவிட்டது. லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். முதல் நாள் அவனைத் தூக்கில் போடச் சொன்ன அதே பெண்கள்தான். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ரைட்டர் நோட்டை மூடப் போனார். "மூடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏரியில கிடந்தது ரத்னம்மா இல்லைன்னுதான் ஆச்சு. அதனால அந்தப் பிள்ளை சாகலைன்னு ஆயிருமா?" ஊர் ஊராக விசாரித்தோம். கட்டட வேலைக்கு சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த பெண் அவள், துவைக்கப் போய்த் தவறி விழுந்திருந்தாள் என்று தெரிய வெகுநாள் ஆயிற்று. அவள் அக்கா வந்து பெயர் சொல்லி அழுதபோதுதான் அவர் அந்த வழக்குக் கட்டை மூடினார்.

ஆஷாடம் முடிந்ததும் நாகராஜும் ரத்னம்மாவும் ஒரு ஜாடி ஆவக்காயோடு வந்தார்கள். வேண்டாம் என்று நான் கண் ஜாடை காட்டியும் இன்ஸ்பெக்டர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பெண் முகம் வாடக் கூடாது என்பதற்காக!

அவருக்கு மாற்றல் வந்தபோது நாவல்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நான் சப்-இன்ஸ்பெக்டர் ஆனேன், இன்ஸ்பெக்டராகவும் ஆகி ஓய்வு பெற்றேன். எத்தனையோ நல்ல அதிகாரிகள் கிடைத்தார்கள். ஆனால் நான் பார்த்ததற்கு மதிப்பு உண்டு என்று எனக்கே தெரிய வைத்தவர் அவர்தான்.

ஓய்வுக்குப் பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாவல்களைப் படிக்கத் தொடங்கினேன். வருஷக்கணக்கில் ஆயிற்று. வாய் ஓயாத முன்கோபிதான் பெரிய அதிகாரி. பேசாமல் டீக்கடையில் காத்திருக்கிறவர் அவருக்குக் கீழே இருக்கிறவர். அடக் கடவுளே, இந்த மனிதர் என்னைப் பெரியவராகவும் தன்னைச் சின்னவராகவும் அல்லவா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று சிரித்தேன். ஆனால் இன்னொன்றைத்தான் கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை தேடினேன். சின்னவர் முதலில் பேச வேண்டும் என்ற முறை எதிலுமே இல்லை. பெரியவர் பேசிக்கொண்டே போகிறார், சின்னவர் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறார். இங்கிலாந்து போலீசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரண்யா போன பிறகு அவருக்கு போன் செய்தேன். பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். குரல் இன்னும் மெலிந்துவிட்டது.

"சார், எல்லாப் புஸ்தகமும் முடிச்சிட்டேன். ஜூனியர் முதல்லன்னு ஒண்ணுலயும் இல்லையே சார்! அத்தனை வருசம் ரைட்டரை ஏமாத்தினீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"சொல்லுங்க சார், ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"நீங்க என்னம்மா நினைக்கீங்க?" என்றார். "முதல்ல நீங்க சொல்லுங்க."

லவுட் ஸ்பீக்கர் என்று பெயர் வாங்கியவள் நான். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் சொல்ல வராமல் நின்றேன். அவர் எப்போதும் போலக் காத்துக்கொண்டிருந்தார்.